இந்தூர் ஊர்வலமும் பரோடா பூங்காவும்: பேட்ரிக் கெடிஸின் வாழ்வும் அவர் நகரவரைபடத்தில் விடுபட்ட கோடும்

நாட்டின் மிகத் தூய்மையான நகரம் என்னும் சிறப்பை 2017 முதல் தொடர்ந்து பல ஆண்டுகள் பெற்றுவந்த நகரம் இந்தூர். அதே இந்தூரில், நூறாண்டுகளுக்கும் முன்னர், முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், ஒரு தீபாவளி நாளன்று விந்தையான ஊர்வலம் ஒன்று சென்றது. அதில் அந்நகரின் துப்புரவுத் தொழிலாளர்கள் வெண்ணிறப் புத்தாடை உடுத்தி, கழுத்தில் மாலையும் கையில் புதிய துடைப்பமுமாய் நடந்தார்கள். அதனை ஏற்பாடு செய்தவர் ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த பேட்ரிக் கெடிஸ். நவீன நகரமைப்பியலின் முன்னோடிகளுள் ஒருவராக உலகம் மதிக்கும் மனிதர் அவர்.

நகரமைப்பு வரலாற்று நூல்கள் அக்காட்சியைப் பெருமிதத்தோடு விவரிக்கின்றன. நாமும் அதை மதிக்கிறோம். ஆனால் அந்த ஊர்வலம் கலைந்த பின் துடைப்பம் யார் கையில் எஞ்சியது என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். குடியிருப்புகளை இடிப்பதற்கு எதிரான போராட்டத்திலும் தூய்மைப் பணியாளர் உரிமைப் போராட்டத்திலும் நிற்கும் நமக்குக் கெடிஸின் வாழ்வு ஒருசேர ஆயுதமாகவும் எச்சரிக்கையாகவும் அமைந்திருக்கிறது.

நுண்ணோக்கியிலிருந்து நகரத்திற்கு

கெடிஸ் 1854 அக்டோபர் 2 அன்று ஸ்காட்லாந்தின் பல்லாட்டர் என்னும் சிற்றூரில் ஒரு படைவீரரின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். பெர்த் நகரை அடுத்த குன்றின் மீதிருந்த வீட்டில், தந்தையின் தோட்டத்துச் செடிகளுக்கிடையே வளர்ந்தார். லண்டனில் தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். பட்டம் எதுவும் பெறாமலேயே அறிவியலாளராக ஏற்கப்பட்டார்.

1879இல் ஆய்வுப் பணிக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது அவரது கண்பார்வை பழுதுபட்டது. வாரக்கணக்கில் இருட்டறையில் கட்டிய கண்களோடு கிடந்தார். அப்போது காகிதத்தை மடித்து, விரல்களால் தடவி, மடிப்புகளுக்குள் கருத்துகளை வரிசைப்படுத்திப் பழகினார். பார்வை திரும்பிய பின்னரும் நுண்ணோக்கியில் நெடுநேரம் பணியாற்ற இயலவில்லை. உயிரிக்கும் அதன் சூழலுக்கும் உள்ள உறவைக் கற்றிருந்த அவர், மனிதருக்கும் அவர் வாழும் இடத்துக்கும் உள்ள உறவின் பக்கம் திரும்பினார்.

1886இல் ஆன்னா மார்ட்டனை மணந்தார். புதுமணத் தம்பதியர் எடின்பரோவின் வசதியான புதுநகரில் குடியேறவில்லை. செல்வர்கள் கைவிட்டுச் சென்ற பழைய நகரில், இடிபாடும் நெரிசலும் மிகுந்த ஜேம்ஸ் கோர்ட் என்னும் அடுக்குக் குடியிருப்பில் வீடு எடுத்தனர். தாமே சுண்ணாம்பு பூசினர். முற்றங்களைத் துப்புரவு செய்தனர். சன்னல்களில் செடி வளர்க்க அண்டை வீட்டாரைத் தூண்டினர். முழுத்தெருவையும் இடிக்காமல், காற்றும் வெளிச்சமும் புகுவதற்கு எந்தச் சுவரை அகற்றினால் போதும் என்று கணக்கிட்டனர். அடுத்த ஆண்டிலேயே அப்பகுதியில் மாணவர் விடுதி ஒன்றை நிறுவினார் கெடிஸ். 1892இல் கோட்டை அருகேயுள்ள ஒரு கோபுரக் கட்டடத்தை நகரையும் சுற்றுப்புறத்தையும் உலகையும் கற்கும் கூடமாக மாற்றினார்.

1888 முதல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணி. ஆண்டில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்பதால் எஞ்சிய காலம் முழுவதும் நகரங்களுக்கே உரியதாயிற்று. அவர் வகுத்த முறை எளியது. மருத்துவர் நோயாளியைப் பார்க்காமல் மருந்து எழுதுவதில்லை. நகரமைப்பாளரும் தெருத்தெருவாக நடந்து, வீடுவீடாகப் பார்த்து, மக்களின் தொழிலையும் வாழ்க்கையையும் அறிந்த பின்னரே கோடு வரைய வேண்டும். முதலில் ஆய்வு, பிறகு நோயறிதல், இறுதியில்தான் சிகிச்சை. சிகிச்சையிலும் உடம்பைச் சிதைக்காமல் உறுப்பைக் காக்கும் சிறு அறுவையே சிறந்தது என்றார். 1915இல் வெளிவந்த நகரங்களின் பரிணாமம் பற்றிய அவரது நூல் இக்கருத்துகளை உலகறியச் செய்தது.

கொள்ளைநோயும் இடிப்பு வாரியங்களும்

கெடிஸ் இந்தியா வந்த காலத்தில் இங்கே நகர மேம்பாடு என்றால் இடிப்பு என்றே பொருள். 1896இல் பம்பாயில் பிளேக் பரவியதைத் தொடர்ந்து 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கல்கத்தாவிலும் அத்தகைய டிரஸ்ட் உருவாயிற்று. நெரிசலான தெருக்களைக் கையகப்படுத்தி, குடியிருப்புகளைத் தகர்த்து, அகன்ற நேர்சாலைகளைப் போடுவது இவற்றின் முதன்மைப் பணியாக இருந்தது. பம்பாய் டிரஸ்ட் தன் தொடக்க ஆண்டுகளில் கட்டிய அறைகளைவிட இடித்த அறைகளே மிகுதி. வீடிழந்த கூலித் தொழிலாளி நகரைவிட்டுப் போய்விடவில்லை. பிழைப்புக்கு அருகிலிருக்க வேண்டிய கட்டாயத்தால் அடுத்த தெருவின் நெரிசலில் போய்ச் சேர்ந்தார். அங்கே வாடகை ஏறியது. நோயும் கூடவே சென்றது.

இந்த உண்மையைத் தயக்கமின்றி அதிகாரத்தின் முகத்துக்கு நேரே சொன்னவர் கெடிஸ். நோயை ஒழிப்பதாகச் சொல்லி ஏழையை ஒழிக்கும் திட்டங்கள் இவை என்பதே அவரது அறிக்கைகளின் சாரம்.

எம்டனும் தஞ்சைக் கோட்டையும்

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பை ஏற்று 1914இல் தன் மகன் அலஸ்டேருடன் அவர் கப்பலேறினார். உலக நகரங்களின் வரைபடங்களும் படங்களும் கொண்ட அவரது கண்காட்சி வேறொரு கப்பலில் வந்தது. அக்கப்பலை, சென்னைத் துறைமுகத்தைச் சுட்டு நம் பேச்சுமொழியில் நிலையான இடம்பிடித்த அதே எம்டன், இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது. பல்லாண்டு உழைப்பு கடலடியில் போயிற்று. கெடிஸ் சோர்ந்துவிடவில்லை. பிரித்தானிய நண்பர்கள் சேகரித்து அனுப்பியவற்றைக் கொண்டு 1915 சனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் புதிய கண்காட்சியைத் திறந்தார்.

பிறகு தஞ்சை, மதுரை, பெல்லாரி உள்ளிட்ட மாகாண நகரங்களில் நடந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் குடியிருப்புகளை ஊடறுத்து நேர்த்தெருக்கள் போட நகராட்சிப் பொறியாளரிடம் திட்டம் இருந்தது. கெடிஸ் வீடுவீடாகப் பார்த்து, பாழடைந்த சில கட்டடங்களை மட்டும் அகற்றி, வெற்றிடங்களை இணைத்து, மரம் நட்டுத் திறந்தவெளிகளாக்கும் மாற்றுத் திட்டத்தை வரைந்தார். அதற்கு ஆகும் செலவு பொறியாளரின் திட்டச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மக்கள் நலனும் சிக்கனமும் ஒன்றுக்கொன்று பகை என்ற வாதத்தை அவர் இவ்வாறு கணக்காலேயே முறியடித்தார்.

தமிழகக் கோயில் நகரங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக விரியும் தெருக்களிலும் தேர் ஓடும் வீதிகளின் அகலத்திலும் ஒரு பண்பட்ட நகரமைப்பு மரபைக் கண்டார். கோயில் நகரங்கள் குறித்துத் தனிக் கட்டுரையே எழுதினார். ஐரோப்பியரின் இகழ்ச்சிக்கு எதிராக இந்நாட்டின் நகர மரபைத் தூக்கிப் பிடித்த அந்த நேர்மை பாராட்டுக்குரியது. ஆயினும் அந்தச் சதுரங்களுக்கு வெளியேயிருந்து பார்க்கும் நமக்கு வேறொன்று தெரிகிறது. கோயிலை ஒட்டி அக்கிரகாரம், அதனையடுத்துப் பிற சாதித் தெருக்கள், வயலும் வாய்க்காலும் கடந்து சேரி. அவர் அழகென்று கண்ட ஒழுங்கே சாதியின் வரைபடமும் ஆகும். அவர் மதுரையில் நடந்து 24 ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1939 சூலை 8 அன்று, மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைய முடிந்தது. பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீரெடுக்கவும் உரிமை கோரி நம் பிரதிநிதிகள் 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் வாதாட வேண்டியிருந்தது. தெரு என்றாலே அனைவருக்கும் பொது என்ற எண்ணத்தோடு வந்தவருக்கு, நடக்கவே உரிமை மறுக்கும் தெரு எளிதில் கண்ணில் படாது.

நம் மொழி இதில் வரைபடத்தைவிடக் கூர்மையானது. பழந்தமிழில் சேரி என்பது மக்கள் சேர்ந்து வாழும் எந்தக் குடியிருப்புக்கும் பெயர். பின்னாளில் அது ஒதுக்கப்பட்டோரின் ஊரைக் குறித்தது. நகரத்தில் ஏழையரின் நெருக்கமான குடியிருப்பையும் குறித்தது. வறுமையும் சாதியும் ஒரே இடத்தில் குடியிருத்தப்பட்டன என்பதை அச்சொல் சொல்கிறது. எடின்பரோவின் ஜேம்ஸ் கோர்ட்டில் வாழ்ந்தவருக்குப் பணம் சேர்ந்தால் புதுநகரில் வீடு கிடைக்கும். நம் சேரியிலிருந்து வெளியேறியவருக்கு அப்படிக் கிடைக்குமா என்பதற்கு விடை பரோடாவில் இருக்கிறது. அதற்கு முன் இந்தூர்.

ஒருநாள் மகாராசா

பல சமஸ்தானங்களிலும் மாகாணங்களிலும் அறிக்கை எழுதிய கெடிஸ், ஹோல்கர் சமஸ்தானத் தலைநகரான இந்தூருக்கு வந்தபோது அங்கே பிளேக்கும் மலேரியாவும் வாட்டிக்கொண்டிருந்தன. கையில் வரைபடத்தோடு சந்துகளில் நுழைந்த வெள்ளைத்தாடிக் கிழவரைக் கண்டு மக்கள் அஞ்சினர்; பிளேக்கைக் கொண்டுவரும் துரை இவர்தான் என்று ஒருவருக்கொருவர் சுட்டிக்காட்டினர். பிளேக் ஒழிப்பு என்ற பெயரில் வீடுகளைப் பிரித்தெறிந்த அதிகாரிகளைக் கண்டிருந்தவர்களுக்கு அந்த அச்சம் இயல்பானதே.

அச்சத்தைப் போக்க அவர் அரசரிடம் விந்தையான வேண்டுகோள் வைத்தார்: தன்னை ஒருநாள் மகாராசாவாக்க வேண்டும். இசைவு கிடைத்தது. தீபாவளியன்று பெரிய ஊர்வலம் நடைபெறும். அது இந்துக்களின் வழக்கமான பாதையிலும் போகாது, முஸ்லிம்களின் பாதையிலும் போகாது. எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையாக இருக்கின்றனவோ அவ்வழியே போகும் என்று அறிவித்தார். நகரமே போட்டியில் இறங்கியது. வீடுகள் வெள்ளையடிக்கப்பட்டன, குப்பை வண்டி வண்டியாக வெளியேறியது, எலிகள் பிடிக்கப்பட்டன.

ஊர்வலத்தில் யானைகளும் குதிரைப் படையும் சென்றன. அழுக்கு அரக்கனின் பேருருவமும் பிளேக் எலியும் பெரிய கொசுக்களும் வந்தன. அவற்றுக்குப் பின் துப்புரவுத் தொழிலாளர்கள். வண்டிகளுக்குப் புதுவண்ணம், மாடுகளின் கொம்புகளுக்கும் வண்ணம். உயரதிகாரி முதல் தொழிலாளி வரை, கெடிஸ் உட்பட, அனைவர் தலையிலும் நகரின் நிறம் கொண்ட ஒரே வகைத் தலைப்பாகை. நகரப் பணியில் மேல் கீழ் இல்லை என்பதே அதன் பொருள். தொடர்ந்து இந்தூர் நகரையே ஒரு தெய்வமாக உருவகித்த தேர் வந்தது. மக்களுக்குத் துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. இறுதியில் அழுக்கு அரக்கனும் எலியும் எரிக்கப்பட்டன.

தீண்டாமை தடையின்றி ஆண்ட ஒரு காலத்தில், ஒரு சமஸ்தானத் தலைநகரின் தெருக்களில், அதிகாரிகளின் தலைப்பாகையும் துப்புரவுத் தொழிலாளியின் தலைப்பாகையும் ஒரே நிறமாயிருந்தது சிறிய செய்தியன்று. அந்த ஒரு நாளை நாம் குறைத்து மதிப்பிட மாட்டோம்.

ஆனால் கெடிஸ் அழுக்கை மனிதருக்குப் புறத்தே நிற்கும் அரக்கனாகக் கண்டார். அரக்கனை எரித்துவிட்டால் நகரம் தூய்மையாகிவிடும் என நம்பினார். சாதி அழுக்கை அவ்விடத்தில் வைக்கவில்லை. அது அழுக்கைப் பிறப்பில் வைத்தது. அள்ளுபவரின் உடம்போடு ஒட்டவைத்தது. புத்தாடையும் புதுத்துடைப்பமும் அதனைத் தொடுவதில்லை. மேலும், நகரை ஒன்றிணைக்க அவர் தேர்ந்த தீபாவளி, தேர், துளசி ஆகிய குறியீடுகள் யாவும் தூய்மை, தீட்டு என்னும் அதே படிநிலையின் உள்ளிருந்து வந்தவை. விலை மிகுந்த நிலத்தடிச் சாக்கடையைவிடக் கழிவை மண்ணுக்கே திருப்பித் தோட்டங்களை வளர்ப்பதே இந்திய நகரங்களுக்கு உகந்தது என்றும் அவர் வாதிட்டார். சூழலியல் நோக்கில் அதில் தொலைநோக்கு உண்டு. ஆனால் கழிவை மண்ணுக்குக் கொண்டு சேர்க்கும் கைகள் யாருடையவை என்ற கேள்விக்கு விடையில்லாத இடத்தில், சூழலியலும் சாதித் தொழிலுக்குத் துணையாகிவிடும்.

பரோடா: வரைபடத்தில் இல்லாத சுவர்

1916இல் கெடிஸ் பரோடா நகரின் வளர்ச்சி, விரிவாக்கம் குறித்து அறிக்கை எழுதினார். முற்போக்கு மன்னர் என்று பெயர்பெற்ற சாயாஜிராவ் கெய்க்வாட்டின் தலைநகரம் அது.

மறு ஆண்டு, 1917இல், அதே நகருக்கு ஓர் இளைஞர் வந்து இறங்கினார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். சாதி என்பது எவ்வாறு தோன்றி எவ்வாறு தன்னை அடைத்துக்கொள்கிறது என்று 1916இலேயே அங்கு ஆய்வுரை அளித்தவர். கெய்க்வாட்டின் உதவித்தொகையில் படித்ததால் அவரது அரசில் பணியாற்ற வந்தவர். அவர் பெயர் பீமராவ் அம்பேத்கர். அந்த நகரில் அவருக்குத் தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் தன் அடையாளத்தை மறைத்துத் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள், தடிகளோடு வந்த பார்சிக் கூட்டம் அவரை வெளியேற்றியது. இந்து நண்பர் ஒருவரிடமும் கிறித்தவ நண்பர் ஒருவரிடமும் இடம் கேட்டார்; இருவர் வீட்டிலும் இடமில்லை. பம்பாய்க்குச் செல்லும் இரவு ரயில் வரும் வரை காமாத்தி பாக் என்னும் பொதுப்பூங்காவில் மணிக்கணக்கில் அமர்ந்திருந்தார்.

பூங்காக்களை நகரின் உயிர்மூச்சாகக் கருதியவர் கெடிஸ். ஒரு பூங்கா எதற்கெல்லாம் பயன்படும் என்று அவர் எத்தனையோ எழுதியிருக்கிறார். நகரில் உள்ள எல்லா வீடுகளும் பூட்டிக்கொண்ட பின் ஒரு மனிதன் போயமரக்கூடிய ஒரே இடமாகப் பூங்கா ஆகலாம் என்பதை அவரது ஆய்வுமுறை காட்டவில்லை. பரோடாவில் காலி அறைகள் இருந்தன, சுவர்களில் கோளாறில்லை, சன்னல்களில் காற்றும் வெளிச்சமும் வந்தன. தடையாக நின்ற சுவர் எந்த வரைபடத்திலும் வரையப்படாதது. நகரமைப்பாளரின் நகரத்துக்கும் நம் நகரத்துக்கும் உள்ள தொலைவை ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டு வருகைகளும் அளந்து காட்டுகின்றன.

பம்பாயும் இறுதி ஆண்டுகளும்

அதே 1917 கெடிஸுக்கும் கொடிய ஆண்டு. ஏப்ரலில் மகன் அலஸ்டேர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். நோயுற்றிருந்த மனைவி ஆன்னாவிடம் அச்செய்தியை மறைத்தார். சூனில் ஆன்னா கல்கத்தாவில் இறந்தார். துயரத்தை உழைப்பில் புதைத்துக்கொண்டு 1918இல் இந்தூர் அறிக்கையை இரு தொகுதிகளாக வெளியிட்டார். 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் முதல் சமூகவியல் பேராசிரியரானார். அவ்வேளையில் அம்பேத்கர் அதே நகரின் சைடனம் கல்லூரியில் பொருளியல் கற்பித்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அறையின் பொதுப்பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சக ஆசிரியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர் வாழ்ந்ததோ பரேலில், மேம்பாட்டு டிரஸ்ட் தொழிலாளருக்காகக் கட்டிய சாள் குடியிருப்பின் சிறு அறைகளில்.

1924இல் உடல்நலம் குன்றிய கெடிஸ் பிரான்சின் மோன்பெல்லியே நகருக்குச் சென்று அங்கே ஒரு கல்லூரி இல்லத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்தார். 1932இன் தொடக்கத்தில் சர் பட்டம் பெற்றார். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று மோன்பெல்லியேயில் காலமானார். இந்தியாவில் அவர் எழுதிய அறிக்கைகளில் பெரும்பாலானவை செயல்படுத்தப்படாமல் கோப்புகளில் உறங்கின. இடிப்பு வாரியங்களின் வழிதான் வென்றது.

நாம் எடுத்துக்கொள்வதும் சேர்ப்பதும்

கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட மக்கள் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய் விடப்பட்டதைக் கண்டவர்கள் நாம். பிழைப்பும் பள்ளியும் நகருக்குள் இருக்க, வீடு மட்டும் நகருக்கு வெளியே. இதனை எதிர்த்து வாதாடும்போது கெடிஸ் நமக்குத் துணை நிற்கிறார். இடிப்பதைவிடச் சீர்செய்வது மலிவு, வெளியேற்றம் நெருக்கத்தைக் குறைக்காமல் இடம் மாற்றுகிறது, குடியிருப்பவரிடம் கேட்காமல் வரையப்படும் திட்டம் திட்டமே அன்று என்பவை நம் வழக்குமன்றங்களிலும் வீதிகளிலும் இன்றும் பயன்படும் வாதங்கள்.

ஆனால் அவரது ஊர்வலத்தின் வாரிசுகளை நாம் ஐயத்தோடு பார்க்கிறோம். 2019 பிப்ரவரியில் பிரயாக்ராஜ் கும்பமேளாவில் பிரதமர் தூய்மைப் பணியாளர் ஐவரின் கால்களைக் கழுவினார். கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் சட்டம் 2013 முதல் நடப்பில் இருந்தும், 2014இல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை வரையறுத்த பின்னரும், கழிவுநீர்த் தொட்டிகளில் மரணங்கள் நின்றபாடில்லை. மாலையும் பாதபூசையும் ஒருநாளுக்கானவை. நிரந்தரப் பணி, நியாயமான ஊதியம், இயந்திரம், பிள்ளைகளுக்கு வேறு தொழில், நகரின் எத்தெருவிலும் வாடகைக்கு வீடு ஆகியவை மற்ற 364 நாட்களுக்கானவை.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கெடிஸ் கற்பித்ததுபோல உங்கள் ஊரை நடந்தே ஆய்வு செய்யுங்கள். தெருவின் அகலத்தையும் வீட்டின் காற்றோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அத்துடன் அவர் குறிக்காதவற்றையும் குறியுங்கள்: குடிநீர்க் குழாய் எந்தத் தெருவோடு நிற்கிறது, சாக்கடை எந்தத் தெருவில் போய் முடிகிறது, குப்பைக்கிடங்கு யார் வீட்டருகே இருக்கிறது, சுடுகாட்டுப் பாதை எங்கே மறிக்கப்படுகிறது, வாடகைக்கு வீடு என்ற பலகை தொங்கும் வீட்டில் முதலில் என்ன கேட்கிறார்கள். அந்த வரைபடத்தில் தெரியும் நகரம்தான் நாம் வாழும் நகரம். சீரமைப்பை அங்கிருந்து தொடங்குவோம்.